பதினாலு விநாடியில் மூன்று பேர்

கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துப் பிழைப்பவர்களுக்குத் தெரியும்: பேப்பரில் இருப்பதைத் திரை ஏற்காவிட்டாலும் திட்டு நமக்குத்தான். நான் எட்டாவதோடு நின்றவள். எது நடந்தாலும் முதலில் என்மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

புள்ளியைத் துடைத்தேன்

விராலிமலையில் எங்கள் சென்டருக்குப் பள்ளிகளின் குறுவட்ட விளையாட்டுப் போட்டி முடிவுகளை ஏற்றும் வேலை வந்தது. நூறு மீட்டரில் வைதேகி என்ற பிள்ளைக்கு 14.08 விநாடி. அடித்தேன். திரையில் 14 மட்டும் நின்றது. தூசி அடைத்திருக்கும் என்று புள்ளி பட்டனை முந்தானையால் துடைத்துத் துடைத்து மூன்று முறை அடித்துப் பார்த்தேன். முடிவுகளை ஏற்றும் அந்தப் புரோகிராமை எழுதிய எங்கள் ஓனர் இளங்கோ எட்டிப் பார்த்தார்.

“அக்கா, அது வெளக்குற பாத்திரம் இல்ல. விடுங்க.”

பெயர் வரிசை

விட்டதுதான் தப்பு. வைதேகியின் 14.08, அடுத்து வந்த இருவரின் 14.61, 14.72 மூன்றுமே 14 ஆகிவிட்டன. நேரம் சமமானால் புரோகிராம் பெயர் வரிசைப்படி அடுக்கும். அபிநயா, கனிமொழி, வைதேகி என்று பட்டியல் வந்தது. மாவட்டப் போட்டிக்கு முதல் இருவர்தான் போவார்கள். பட்டியல் மறுநாள் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலையில், ரோட்டோரம் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் வைதேகியின் அம்மா பட்டியலைக் கேள்விப்பட்டுக் கூடையோடு வந்து நின்றார்.

“மொதல்ல வந்தது எம்புள்ளைங்க. பேரு கடைசியில இருந்தா காலுமா கடைசியில வரும்?”

கேட்கத் தெரியாத கருவி

புள்ளிக்குப் பின்னால் இருந்த நேரம் எங்கே போனது? எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. இளங்கோ, அட்டவணைகளைக் கட்டம் கட்டமாக வரையும் கருவியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன வகைத் தகவல் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நேரம்’ என்று இருந்தது. விநாடிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று சொல்ல இடமில்லை. தகவலைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸோ, கேட்டால் ஆறு இலக்கம்கூட வைத்துக்கொள்ளுமாம். “அப்ப நாம ஏன் கேக்கல?” என்றேன்.

“நமக்குக் கேக்கத் தெரியும்க்கா. வரையிற இதுக்குத்தான் கேக்கத் தெரியல.”

என் யோசனை

அவர் சரிசெய்யும் வரை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கட்டம் மணி, நிமிடம், விநாடி எல்லாம் ஏற்கும். 14-ஐ நிமிடமாகவும் 08-ஐ விநாடியாகவும் போட்டேன். ஏற்றுக்கொண்டது. 14.61-க்கு வந்ததும் மறுத்துவிட்டது. ஒரு நிமிடத்தில் அறுபத்தொன்றாவது விநாடி ஏது? 14.72-ம் அப்படியே. வைதேகி மட்டும் இருந்த அச்சுத் தாளை, பட்டியலுக்காக வந்திருந்த பள்ளிக்கூடத்து பி.டி. சார் வாங்கிப் பார்த்தார்.

“என்னக்கா, நூறு மீட்டருக்குப் பதினாலு நிமிஷமா? புள்ள நடுவுல டீ குடிச்சுட்டு வந்துச்சா?”

கையால் எழுதிய வரி

கடைசியில் இளங்கோ அந்தக் கருவியை மூடிவிட்டு, இரண்டு இலக்கம் வேண்டும் என்று டேட்டாபேஸுக்கே ஒரு வரிக் கட்டளை தட்டினார். பேப்பரைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். 14.08 அப்படியே நின்றது. நம்பிக்கை வராமல் இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்தேன். வைதேகி முதலிடம். பி.டி. சார் தாளோடு வண்டியைக் கிளப்பினார். அதுவரை நகராமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, வாடிப்போன பிஞ்சுகளைப் பார்த்தபடி எழுந்தார்.

“எம்புள்ள அரை விநாடி முன்னாடி ஓடுனதுக்கு எனக்கு அரை நாளு வியாபாரம் போச்சுங்க.”

அரை விநாடியை வைக்க இடமில்லாத கருவிக்கு எங்கள் எல்லாருடைய அரை நாளையும் விழுங்க மட்டும் இடம் இருந்தது.