எழுந்தால் அறுந்துவிடும் இணைப்பு

ரீஸ்டார்ட் அண்ணன் இப்போதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்த எடுப்பில் தொடுவதில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையையும் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியையும் கொஞ்ச நேரம் பார்த்தபடி நிற்பார்.

"என்னண்ணே, கண்காட்சிக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? தொட்டுப் பாருங்க, கடிக்காது" என்று புதிதாக வந்தவர்கள் கிண்டலடிப்பார்கள். பழையவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும்.

யார் என்ன கோளாறு சொன்னாலும் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று தொடங்குவதால் வந்த பெயர்தான் 'ரீஸ்டார்ட்'. வீட்டில் மிக்சி நின்றாலும் இதையேதான் சொல்கிறார் என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். வண்டி உதிரிபாகங்கள் விற்கும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் என்றால் அவர்தான். ஆள் கெட்டிக்காரர். அந்த நினைப்பும் அவருக்குக் கொஞ்சம் உண்டு.

அங்கே சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்பவர் ஸ்டாக் அக்கா. அவர் கணவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. அக்கா கெஞ்சிக் கேட்டதால், வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்ய மேனேஜர் அனுமதித்தார். "வேலை நின்னா அனுமதியும் நின்னுடும்" என்று ஒரு கொக்கியும் போட்டார்.

வேலை நின்றது. ஒரு தடவை இல்லை, நாளுக்குப் பத்துத் தடவை.

"தம்பி, மறுபடியும் கட்டாயிடுச்சுப்பா."

போனை வைத்துவிட்டு அண்ணன் ஆபீசில் இருக்கும் அக்காவின் மேசைக்குப் போவார். மவுசை ஓர் ஆட்டு ஆட்டுவார். திரை பளிச்சென்று வரும். தன் இருக்கைக்குத் திரும்பி, அங்கிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்ப்பார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும்.

"எனக்கு வருதேக்கா. உங்க வீட்டு லைன்தான் சரியில்ல."

அக்கா வீட்டு இணைப்பை மாற்றினார். அப்படியும் அறுந்தது.

"தம்பி, நான் சொன்னா சிரிக்காதீங்க. நான் உக்காந்திருக்கிற வரைக்கும் ஒழுங்கா இருக்கு. அவருக்குச் சோறு ஊட்ட, துணி மாத்தன்னு எழுந்து போயிட்டு வந்தா அறுந்து கிடக்கு."

அண்ணன் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்க எழுந்துக்கிறது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணா இருக்கு?"

அதோடு விட்டாரா? டீ குடிக்கும் அறையில் அக்காவின் குரலிலேயே அதை நடித்தும் காட்டினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ கோளாறு லைன்ல இல்ல, ஆள்கிட்ட" என்றார். அடுத்த திங்கட்கிழமை முதல் ஆபீசுக்கு வரவேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மதியம் அண்ணன் அக்காவின் காலி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் ஏதோ புரோகிராம் ஏறிக்கொண்டிருந்தது, அது முடியக் காத்திருந்தார். கைப்பேசி அடித்தது. எச்சில் படாத இடதுகையால் எடுத்தார்.

"அறுந்துடுச்சுப்பா."

வலதுகை வழக்கம்போல மவுசுக்குப் போனது. எச்சில் கை என்பதால் பாதியில் நின்றது. அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். திரை இருட்டு. கீழே பெட்டியில் ஒற்றை விளக்கு மெல்ல மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. இயந்திரம் தூங்குகிறது.

யாரும் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் தானாகத் தூங்கிவிட வேண்டும் என்று மின்சாரத்தை மிச்சப்படுத்த அமைத்து வைத்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். அதற்காக ஆபீஸ் கூட்டத்தில் கைதட்டு வாங்கியிருந்தார். ஆபீசில் இருப்பவர்கள் தொட்டதும் அது விழித்துக்கொள்ளும். தூரத்தில் இருப்பவர் எப்படித் தொடுவார்? அக்கா எழுந்துபோன நேரத்தில் அது தூங்கிப்போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இவர் வந்து எழுப்பிவிட்டு, "எனக்கு வருதே" என்றிருக்கிறார்.

மிச்சச் சோற்றை அப்படியே மூடிவைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தூக்கத்தை எடுத்துவிட்டார்.

"இப்ப வருதுப்பா! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. சின்ன செட்டிங்."

அதன்பின் இணைப்பு அறுந்துபோகவே இல்லை. வெள்ளிக்கிழமை டீ அறையில் மேனேஜர் கண்ணடித்தார். "பாத்தீங்களா, ஆபீசுக்கு வான்னதும் லைன் தானா சரியாயிடுச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரித்த சத்தம் தன் காதிலேயே விழுந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சார், அது என் தப்பு."

"எது?"

சொன்னார். நாக்குக் குழற, முன்னும் பின்னுமாகச் சொன்னார். அவர் நடித்துக் காட்டியதற்குச் சிரித்த அதே முகங்கள் இப்போது டீ டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

"அப்போ ஒவ்வொரு தடவையும் நல்லாத்தான் இருக்குன்னு நீ சொன்னது?"

"நான் தொட்டதும் முழிச்சுக்கும் சார். நான் தொட்டுட்டுத்தான் பார்த்தேன்."

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தம்மா வர வேண்டாம். நீயே போன் பண்ணிச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்று எழுந்துபோனார்.

அக்காவின் நாற்காலியில் உட்கார மனம் வராமல், அதன் பக்கத்தில் நின்றபடியே அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். நடித்துக் காட்டியதையும் விடவில்லை. அக்கா திட்டியிருந்தால் தேவலை.

"எழுந்தா அறுந்துடும்னு பயந்து, அவர ஈரத்துலயே படுக்க வெச்சிருக்கேன் தம்பி" என்றார், கடைசியில். "'கொஞ்சம் பொறுங்க, இந்த ஒரு பக்கம் முடிச்சுடறேன்'னு. அவரும் பேசாம பொறுத்துக்கிட்டுக் கிடந்தார்."

அண்ணன் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இருங்கப்பா. கூப்பிடறார்."

அக்கா கைப்பேசியை அணைக்காமல் வைத்துவிட்டுப் போனார். நாற்காலி நகரும் ஓசை கேட்டது. பிறகு தண்ணீர் ஊற்றும் ஓசை, யாரோ முனகும் ஓசை. அண்ணன் கைகளில் ஒன்றை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார். பாதி நிரம்பிய இருப்புப் பட்டியலில் அக்கா விட்டுப்போன இடத்திலேயே கர்சர் கோடு துடித்துக்கொண்டிருந்தது. அக்கா திரும்பி வரும்வரை திரை அணையவில்லை.