தேக்கங்கன்றுகளுக்கு விட்ட தண்ணீர்

புயலில் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நின்ற மரங்கள் எல்லாம் விழுந்துவிட்டன. ஊரில் எல்லாரும் தென்னை போனதைப் பற்றித்தான் பேசினார்கள். கரை மரங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு மழைக்குப் பிறகு கரை சரிந்து வாய்க்காலுக்குள் இறங்கத் தொடங்கியதும்தான் காட்டிலாகாவிலிருந்து கன்று நட வந்தார்கள்.

பேராவூரணிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை ஊர் எங்களுடையது. கன்றுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றபோது, ஆட்டுக்காரர்களோடு சண்டை போடாத ஆளாகப் பார்த்து என்னைச் சொன்னார்கள். நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. அதை நல்ல குணம் என்று ஊரில் நினைக்கிறார்கள். எனக்கு வாய் வராது, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச இன்றைக்கும் கூச்சம்.

புங்கங்கன்றுகள் இலாகாவின் சொந்தப் பண்ணையிலிருந்து வந்தன. தேக்கும் வேம்பும் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா வளர்த்தவை. அவரும் மகளிர் குழுவைச் சேர்ந்த ஏழெட்டுப் பெண்களும் பச்சை வலை கட்டி, மண் சலித்து, பை பையாக நிரப்பி வளர்த்தார்கள். தேக்கு விதை லேசில் முளைக்காது. ஊறவைத்துக் காயவைத்து, மறுபடி ஊறவைத்துக் காயவைத்து, அக்கா அதோடு மல்லுக்கட்டியதை நானே பார்த்திருக்கிறேன். இந்தக் கன்றுகள் பிழைத்தால் அடுத்த வருடம் வாய்க்கால் முழுவதற்கும் அவர்களிடமே கன்று எடுப்பதாகக் காட்டிலாகா வனவர் சொல்லியிருந்தார். நடவு, களை என்று வெயிலில் நின்ற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

வண்டியிலிருந்து இறக்கும்போது அக்கா சிரித்துக்கொண்டே, "ஆடு கடிச்சா ஆட்டுக்காரனக் கேப்பேன். பட்டுப்போச்சுன்னா உங்களத்தான் கேப்பேன் தம்பி" என்றார்.

கரையின் வெளிப்பக்கம் அடிவாரத்தில் நீளமாகப் பள்ளம் எடுத்து நட்டோம். வாரத்துக்கு இரண்டு நாள், கன்றுக்கு ஒரு குடம் என்று வனவர் சொன்னார். கோடை முழுவதும் அடிபம்பிலிருந்து சுமந்து ஊற்றினேன். ஒரு கன்றுகூடப் போகவில்லை. அத்தோடு என் வேலை முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கடைமடைக்காரன் கண் முன்னால் தண்ணீர் சும்மா போனால் கை நிற்காது. வருகிற அன்று திருப்பிக்கொள்ளாவிட்டால் நாளைக்கு வருமா என்று சொல்ல முடியாத ஊரில் பிறந்தவன். மண்வெட்டியால் கரையில் ஒரு வாய் வெட்டிப் பள்ளத்துக்குள் தண்ணீரை விட்டேன். நட்ட வயலில் நாற்றுபோலக் கன்றுகள் தண்ணீரில் நின்றன. பார்க்க நிறைவாக இருந்தது. அவ்வளவு நாள் குடம் சுமந்த முட்டாள்தனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பத்து நாளில் தேக்கு இலை பழுத்தது. வேம்பு தலை தொங்கியது. நட்ட நெல் நாற்று முதலில் வெளிறும், தண்ணீர் கட்டினால் பச்சை பிடிக்கும். எனக்குத் தெரிந்த பயிர் அது ஒன்றுதான். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாயை இன்னும் அகலமாக வெட்டினேன். இலைகள் கொட்டிய பிறகுதான் பயம் வந்தது. வெட்டிய வாயில் களிமண் வைத்து மிதித்து, மேலே புல்லை மண்ணோடு பெயர்த்துப் பதித்து மூடினேன். வனவர் பார்வையிட வந்தபோது பள்ளம் காய்ந்து வெடித்திருந்தது.

அன்று காலையில் கரையில் மூன்று பேர் நின்றோம்: வனவர், அக்கா, நான். தண்ணீர் ஒழுங்காக ஊற்றினேனா என்று வனவர் கேட்டார். ஊற்றினேன் என்றேன். அது பொய் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எங்க புங்கன் நிக்குது. இவங்க கன்னுதான் போயிருக்கு. ஒரே தண்ணி, ஒரே ஆளு. அப்ப கோளாறு எங்க இருக்கு?" என்றார் வனவர்.

புங்கன் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். அது எனக்கு அன்று தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒரு தேக்கங்கன்றைப் பிடுங்கினார். வேர் கறுத்து, தோல் கையோடு உரிந்து வந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு கரையை ஏறிட்டுப் பார்த்தார். ஓர் இடத்தில் மட்டும் புல் வேறு பச்சையாக, சதுரமாக நின்றது. அங்கிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க."

அதட்டாமல், எனக்கு வழி விட்டதுபோலக் கேட்டார். நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "எனக்கென்னக்கா தெரியும்" என்றேன்.

வனவர் தாளில் எழுதி, காவலாள் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும். ஆனால் வாசிக்க வரும். கன்றுகள் தரமில்லாதவை என்று அதில் இருந்தது. கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடக் கன்றுகள் வேறு ஊரிலிருந்து வந்தன. குழு கலைந்தது. பச்சை வலையைச் சுருட்டிக் கோழிக்கூண்டுக்கு மேல் போட்டார்கள். விற்காத கன்றுகள் பையைக் கிழித்து வேர் விட்டு, நின்ற இடத்திலேயே வளர்ந்தன. அக்கா மறுபடி நடவுக்குப் போனார். வழியில் பார்த்தால் எப்போதும்போல, சாப்பிட்டீங்களா தம்பி என்று கேட்பார். நான் சந்து மாறிப் போகத் தொடங்கினேன்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் அவர் வாசலுக்குப் போய் நின்றேன். நெல் புடைத்துக்கொண்டிருந்தார். வாய் வெட்டியது, மூடியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முறத்தை நிறுத்தவில்லை.

"மூடுன எடத்துல புல்லு நின்ன நிப்ப நான் அன்னைக்கே பாத்தேனே. எனக்குத் தெரிஞ்சத என்கிட்ட சொல்லி என்ன பண்ண?"

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா என் கன்னுக்காகச் சொல்றேம்பாங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

திங்கட்கிழமை காட்டிலாகா அலுவலகத்துக்குப் போனேன். அந்த வனவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் என்னை உட்காரச் சொல்லி, நான் திக்கித் திக்கிச் சொன்னதை முழுவதும் கேட்டார். அந்தக் கோப்பு எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது வேறு இடத்தில் கன்று வாங்குகிறோம் என்றார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

திரும்பி வரும்போது சந்து மாறவில்லை. அக்கா வாசலில் இருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேங்க்கா."

"என்ன சொன்னாங்க?"

அதையும் சொன்னேன். முறத்தை ஒரு தட்டுத் தட்டிப் பதரை வெளியே தள்ளினார்.

"அன்னைக்குன்னா கேட்டிருப்பாங்க" என்றார்.