அணைத்த ரிசீவரில் எழுந்த மேடு

எங்கள் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, இதில் எத்தனை சேனல் வரும் என்றுதான். கேட்பதில் தப்பில்லை. கூரை மேல் இருக்கும் டிவி தட்டை நான்கு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி இரும்புத் தூணில் ஏற்றி வைத்தது போலத்தான் அது இருக்கும். மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம், ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தின் மேட்டில் நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு கேபின். உள்ளே இரண்டு நாற்காலி, மூன்று திரை, ஓயாமல் சொட்டும் ஏர்கோன். என் முதுகலை ஆராய்ச்சியை நான் அங்கே உட்கார்ந்துதான் செய்தேன்.

அந்தத் தட்டு பார்ப்பதில்லை, கேட்கிறது. பால்வீதி முழுக்க ஹைட்ரஜன் வாயு பரவிக் கிடக்கிறது. அது மிக மெல்லிய ரேடியோ அலையை விட்டுக்கொண்டே இருக்கும். தட்டைப் பால்வீதிப் பக்கம் திருப்பி, ரிசீவரில் வருவதை மென்பொருள் நிதானமாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், திரையில் புல்தரை மாதிரி நடுங்கும் கோட்டில் ஒரு சின்ன மேடு எழும். அதுதான் ஹைட்ரஜன். தட்டு வேறு இடத்தைப் பார்த்தால் மேடும் கொஞ்சம் நகரும். அந்த நகர்வை அளந்து, வாயு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தால் எனக்குப் பட்டம். அப்பா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. படித்தவன் என்று வீட்டில் நான் ஒருவன்தான். அதனால் அந்த மேட்டை நான் எனக்காக மட்டும் தேடவில்லை.

கேபினில் என்னோடு இருந்தவர் தொலைநோக்கியை இயக்கும் ஆப்பரேட்டர். ஈப்போவில் சிலிபின்காரர். நான் அதே ஊரில் புந்தோங். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். அதோடு எங்களுக்குள் எல்லாம் பேசி முடிந்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் அவர் காரிலேயே போவேன். வழியில் நிறுத்தி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொள்வோம். மென்பொருளுக்குள் நுழைய எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். இருக்கிறது இரண்டு பேர், தனித்தனியாக எதற்கு என்பார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டாத நாளில்லை. திறந்தவுடன் 'ஆண்டெனா பதில் தரவில்லை' என்று சிவப்பில் காட்டும். அவசரப்பட்டு மூடித் திறக்கக் கூடாது. தட்டுக்குக் கட்டளை அனுப்பும் சின்ன நிரலை முதலில் நிறுத்தி, அது முழுதாக அடங்கும்வரை பொறுத்து, பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். பொறுக்காவிட்டால் இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் ஓடும். ஒன்று தட்டைக் கிழக்கே இழுக்கும், இன்னொன்று மேற்கே இழுக்கும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது முட்கள். தோட்டத்துக் கங்காணியான மண்டோரின் வாக்கி டாக்கி, காவல் கொட்டகையின் எல்இடி விளக்கு, எங்கள் தலைக்கு மேலிருந்த ஏர்கோன், எல்லாமே ரேடியோ அலையைக் கக்கும். திரையில் அவை முள் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். அதற்குள் என் மேடு தொலைந்து போகும். நான் ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். கேபிள் முனைகளை வெட்டி மாற்றினேன், செம்புப் பட்டை சுற்றினேன், காவலாளியிடம் கெஞ்சி விளக்கை மாற்ற வைத்தேன். முட்கள் குறைந்தன. போகவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு முந்தின நாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மின்னல் வரும் போலிருந்தால், தட்டை நேராக மேலே பார்க்க நிறுத்திவிட்டு, அதன் அடியில் இருக்கும் ரிசீவர் பெட்டியின் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும். அம்மா சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். அண்ணன் என்னை முதலில் கிளம்பச் சொன்னார், எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் பஸ் பிடித்துப் போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து வந்து, வெளியே கேபிள்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரையைத் திறந்தால் ஒரு முள் இல்லை. சுத்தமான கோடு. அதன் நடுவில், பாடப்புத்தகத்தில் வரைந்து வைத்தது போல மேடு. நான் அசந்து போய் அண்ணனைப் பார்த்தேன்.

"உன் கை பட்டுச்சு, சுத்தமாயிருச்சு பாத்தியாலா" என்றார். "செம்புப் பட்ட வேல செய்ய நாளாவும். ஒண்ணுக்கொண்ணு உக்காரணும்ல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பேன். அன்றிலிருந்து தினமும் அளந்தேன். தட்டு திரும்பும், மோட்டார் முனகும், மேடு கணக்குப்படியே நகரும். என் ஆராய்ச்சி மேற்பார்வையாளரான டாக்டரிடம் வரைபடங்களைக் காட்டினேன். டாக்டர் ஒரு மலாய் அம்மையார், எளிதில் பாராட்டாதவர். எழுத ஆரம்பிக்கலாம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிப்போனேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அந்தத் தோட்டத்துக்கு எத்தனையோ தடவை லோடு எடுக்க வந்திருக்கிறார், கேபினுக்குள் வந்ததில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். அண்ணன் தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார். திரையில் விரல் வைத்து, இது வானத்தில் இருந்து வருகிறது மாமா, கிளம்பி எத்தனையோ ஆயிரம் வருடம் ஆகியிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். உங்கள் பையன் கேபிளை எல்லாம் சரி பண்ணியதால்தான் இவ்வளவு தெளிவாக வருகிறது என்றும் சொன்னார். அப்பா அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் முழுக்க லோரிக்காரர்களிடம் அதே பேச்சுத்தான். இந்த வருடமே மகன் பட்டம் வாங்க மேடை ஏறுவான் என்றும் சொல்லி வைத்திருந்தார்.

பொங்கல் முடிந்து ஒரு பிற்பகல் இடி இறங்கியது. அண்ணன் ஈப்போவுக்குப் போயிருந்தார், நான் தனியாக இருந்தேன். தட்டை மேலே பார்க்க நிறுத்தினேன். மழையில் ஓடிப்போய் ரிசீவர் பெட்டியின் மின்சாரத்தை அணைத்தேன். நனைந்தபடி கேபினுக்குள் வந்து தலையைத் துவட்டும்போதுதான் திரையைப் பார்த்தேன். பதிவை நிறுத்த மறந்திருந்தேன். கோடு ஓடிக்கொண்டிருந்தது. தட்டு வேறு பக்கம் பார்த்ததால் மேடு கொஞ்சம் சிறுத்திருந்தது. ஆனால் இருந்தது.

அணைக்காமல் வந்துவிட்டேனோ என்று திரும்ப ஓடினேன். பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பின்னாலிருந்த கேபிளையே பிடுங்கினேன். உள்ளே வந்து பார்த்தால் மேடு இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

மென்பொருளில் சிமுலேஷன் என்று ஒரு முறை உண்டு. புதிதாக வருகிறவர்கள் சாமான்களைக் கெடுக்காமல் பழகுவதற்காக வைத்தது. அதைப் போட்டால் மென்பொருளே ஒரு ரிசீவரைப் போல நடிக்கும். தட்டு எங்கே பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு, அங்கே எந்த மாதிரி மேடு வர வேண்டுமோ அதைத் தானே வரைந்து தரும். மேலே மஞ்சளில் ஒரு எச்சரிக்கைப் பட்டை ஓடும், யாரும் ஏமாறாமல் இருக்க. அமைப்புக் கோப்பைத் திறந்தேன். தட்டு நிஜத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரிசீவர் மட்டும் சிமுலேஷனில் இருந்தது. மஞ்சள் பட்டை வராதபடி ஒரு வரியும் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த வரி தானாக வந்து உட்காராது.

அண்ணன் வந்தபோது மழை விட்டிருந்தது. கையில் எனக்கும் சேர்த்துக் கடையில் தாப்பாவ் கட்டி வந்த மீ கோரெங் நூடுல்ஸ். நான் கோப்பைத் திரையிலேயே திறந்து வைத்திருந்தேன். அவர் பார்த்தார், பொட்டலங்களை மேசையில் வைத்தார்.

"எப்பருந்து அண்ணே?"

"தீபாவளி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு அவசரத்தில் பெட்டியை அணைக்காமல் போய்விட்டாராம். மின்னலில் ரிசீவருக்குள் இருந்த ஆம்ப்ளிபையர் கருகிவிட்டதாம். வருடக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், அந்த நேரத்தில் இதைச் சொன்னால் வேலை போய்விடும். வேறொன்றை வெளியூரிலிருந்து சத்தமில்லாமல் வரவழைத்துக்கொண்டிருக்கிறார், வந்ததும் மாட்டிவிடுவார், ஒருவருக்கும் தெரியாது.

"அப்பயும் இதே மேடுதான் வரும் தம்பி. வானம் எங்க ஓடிப்போவுது?"

"எங்கப்பாவுக்குக் காட்டுனீங்களே அண்ணே."

"சந்தோஷமா தான போனாரு. ஒண்ணுமில்லாத திரைய காட்டச் சொல்றியா?"

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஒப்பந்த வேலையின் பயத்தை எங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். எனக்குப் பொறுக்காதது வேறு. நான் சுற்றிய செம்புப் பட்டை, நான் பிடுங்கிய முட்கள். அது என் வேலையல்ல என்று தெரிந்துகொண்டே தினமும் காரில் என்னைப் பாராட்டி வந்திருக்கிறார். அதைக் கேட்டேன். எனக்கு ஒரு தெம்பு வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாராம்.

நானே போய் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். அண்ணன் என்று கூப்பிட்ட வாய் அதற்கு வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள், திங்கட்கிழமை வரை நான் பேசமாட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்றேன் தம்பி. சத்தியமா சொல்றேன்." அன்றும் அவர் காரில்தான் வீடு திரும்பினேன். மீ கோரெங்கைச் சாப்பிட்டேன்.

அவர் சொல்லத்தான் செய்தார். திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை, வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சிமுலேஷனில் பழகிவிட்டு மறுபடி மாற்ற மறப்பது புதியவர்களுக்கு நடப்பதுதான் என்றார். ஆனால் இடி வரும்போது பெட்டியைத் தாமதமாக அணைத்து ஆம்ப்ளிபையரைக் கருகவிட்டதை அப்படி விட முடியாது என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் தனியாக இருந்த அந்த மழைப் பிற்பகலையே எடுத்து அண்ணன் என் தலையில் கட்டியிருந்தார்.

"நல்லவேளை, அவர் கவனித்தார்" என்றார் டாக்டர் மலாயில். "இல்லாவிட்டால் இதை அப்படியே சமர்ப்பித்திருப்பாய். போய் அவருக்கு நன்றி சொல்."

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் போலக் கேட்டது. டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கணினிப் பதிவைத் திறந்தும் பார்த்தார். யார் மாற்றினார்கள் என்ற இடத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவான அந்த ஒரே கணக்கு. மஞ்சள் பட்டையை மறைத்த வரிக்கும் அதே கணக்குத்தான். தீபாவளி விடுமுறை முடிந்த முதல் நாள் காலையில் மாற்றியது என்றிருந்தது, ஆனால் அன்றைக்கு நாங்கள் இருவருமே கேபினில் இருந்தோம். யார் சொல்வது உண்மை என்று தன்னால் தீர்ப்பு சொல்ல முடியாது, அளந்தது எதுவும் செல்லாது என்பது மட்டும் தெரியும் என்றார். எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். பட்டம் இந்த வருடம் இல்லை.

அப்பாவிடம் சொல்ல இரண்டு நாள் பிடித்தது. லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை அடைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு நாற்காலி குடுத்தாரே, அவரா?"

"ஆமாப்பா."

"வானத்துலருந்து வருதுன்னு வெரல வச்சுச் சொன்னாரே."

லோரிக்காரர்களிடம் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழாயை மறுபடி திறந்துகொண்டே, இனிமேல் அந்த ஆளின் காரில் போகாதே என்றார். அடுத்த நாளிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போனேன். கேபின் என்னவோ அதே கேபின்தான். இரண்டு நாற்காலி.

புது ஆம்ப்ளிபையர் வந்தது. நானும் அவருமே அதை மாட்டினோம், வேறு ஆள் இல்லை. அவர் ஏணியைப் பிடித்தார், நான் மேலே ஏறித் திருகினேன். அந்த வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினோம்.

அன்று மாலைக்குள் மேடு வந்துவிட்டது. கோணலாக, உயரம் குறைந்து, இரண்டு பக்கமும் முட்களோடு. நான் தட்டைப் பால்வீதியை விட்டு வெறும் வானத்துக்குத் திருப்பினேன். மேடு படுத்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்தேன், எழுந்தது. நடிப்பு மேடும் இப்படித்தான் படுத்து எழும் என்று தெரிந்தும், மறுபடி வெறும் வானத்துக்குத் திருப்பினேன். அளக்க வேண்டிய நேரமெல்லாம் இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"வந்துருச்சுல்ல தம்பி" என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்து. "அதே மேடுதான்னு சொன்னேன்ல. இன்னும் எத்தன வாட்டி திருப்புவ? மோட்டார் சூடாவுது."

"இன்னும் ஒரு வாட்டி அண்ணே" என்றேன். அவரை வேறெப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டைத் திருப்பினேன்.