பரங்கிக்கு ஒரு ஐசியூ

கடைசியில் காய்த்துவிட்டது! தேங்காய் அளவு, அழுத்தமான பச்சை, மேலே வெளிர் புள்ளிகள். நேற்று காலையில் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

பங்குனி உத்திரம் சமயத்தில் இதே பக்கத்தில் வீறாப்பாக எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? 'இந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் குழம்பில் எங்கள் வீட்டுப் பரங்கிக்காய்' என்று. அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீங்கள் விட்டீர்களா? பாகூர் கடைத்தெருவில்கூட ஒருவர் நிறுத்தி, "சார், பரங்கி இன்னா ஆச்சு?" என்றார்.

என்ன ஆகும்... ஒன்றும் ஆகவில்லை!

மாசி மகத்துக்கு மறுநாள் விதை ஊன்றினேன். தேதியை ஐஸ்கிரீம் குச்சியில் எழுதி விதைக்குப் பக்கத்தில் குத்தியும் வைத்தேன். கல்யாண நாளை மறந்தாலும் விதை ஊன்றிய நாளை மறக்காத ஆள் நான். சித்திரையில் கொடி முற்றம் முழுக்கப் படர்ந்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூ.

இங்கேதான் வம்பு. எங்கள் வீட்டில் முழுநாள் வெயில் விழும் இடம் அந்த முற்றம் ஒன்றுதான். வருஷா வருஷம் சித்திரை வெயிலில் என் மனைவி செல்வி வடகம் காயவைப்பதும் அங்கேதான். சின்ன வெங்காயத்தை இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து உருட்டி வைத்தால், அடுத்த கோடை வரை எங்கள் குழம்புக்குத் தாளிப்பு அதுதான்.

"கத்திரி வெயில் முடியறதுக்குள்ள ஒரு காய் காட்டுங்க. இல்லனா கொடியை அறுத்துப் போட்டுட்டு வடகத்தைப் பரப்பிடுவேன்" என்றாள்.

சொன்னால் செய்பவள்.

கத்திரி பிறப்பதற்கு முந்தின நாளே பச்சை ஷேட் நெட் வாங்கி வந்தேன். மேலே மட்டும் கட்டினால் போதுமா? வெப்பக்காற்று பக்கவாட்டில் வருமே! நாலு பக்கமும் தரை வரை இறக்கி, ஓரத்தில் செங்கல் வைத்து அழுத்தினேன்.

அடுத்த வீட்டுக் கலியபெருமாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிள்ளையார்குப்பத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி வேலை.

"இன்னா சார், பரங்கிய ஐசியூல சேத்துட்டீங்களா?"

"வெயில் தாங்கலங்க."

"எங்க ஐசியூலகூட காலைல சாயந்தரம் விசிட்டர உள்ள வுடுவாங்க சார். நீங்க ஈ, எறும்பகூட வுட மாட்டீங்க போல!"

சிரித்தோம். நானும்தான்.

ஆனால் பூவடியில் உருண்ட குட்டிப் பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, வெம்பி, உதிர்ந்தன. வெயில் இன்னும் நுழைகிறது என்று முடிவு செய்தேன். இன்னொரு மடிப்பு நெட் போட்டேன். ஓட்டை தெரிந்த இடத்தையெல்லாம் ஊசி நூலால் தைத்தேன். உதிர்வது கூடியது!

அக்கறை அதிகமாகும்போது மூளை கொஞ்சம் லீவு எடுத்துக்கொள்கிறதோ?

கெடு வரைக்கும் செல்விக்குப் பொறுமை இல்லை. முற்றத்து ஓரத்தில், அவளுடைய டேபிள் ரோஸ் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த கொஞ்ச இடத்திலேயே வடகத்தைப் பரப்பினாள். அரை மணி நேரத்தில் கலியபெருமாள் வீட்டுக் கோழிகள் பந்திக்கு வந்துவிட்டன. நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பினால், என் நெட்டில் ஒரு பக்கம் மொத்தமாகக் காணோம்! வடகத்தைச் சுற்றி நாலு கொம்பு, அதில் வேலியாக என் நெட்.

"என்ன காரியம் பண்ணியிருக்க? கொடி கருகிடும்!"

"இப்ப மட்டும் காய்ச்சிக் கொட்டுதாக்கும்! என் வடகத்தயாவது காப்பாத்தட்டும்."

மறுநாள் காலை துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கொடியிடம் போனேன். ஒரே ரீங்காரம். டேபிள் ரோஸில் இத்தனை நாளும் மொய்த்துக்கொண்டிருந்த தேனீக்கள், திறந்த பக்கம் வழியாக என் பரங்கிப் பூக்களில் புகுந்து புகுந்து வந்துகொண்டிருந்தன. உடம்பெல்லாம் மஞ்சள் பொடி.

அப்படியே நின்றுவிட்டேன்.

ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குப் பொடி போகாமல் பரங்கி எப்படிக் காய்க்கும்? பள்ளிக்கூடப் பாடம். படித்தவன்தான்... அந்த விசிட்டரைத்தான் ஊசி நூல் வைத்துத் தைத்து வெளியே நிறுத்தியிருந்தேன்! மிச்ச மூன்று பக்கத்தையும் அப்போதே அவிழ்த்தேன்.

அதற்கப்புறம் விழுந்த வெயிலும் அதே கத்திரி வெயில்தான். மூன்று பிஞ்சு நின்றது. கத்திரி முடிகிற அன்று, முதல் காயை, கொடியிலிருந்து பறிக்காமலேயே, செல்விக்குக் காட்டினேன். கொடி பிழைத்தது!

"டிஸ்சார்ஜா சார்?" என்றார் கலியபெருமாள், வேலிக்கு மேலே.

"டிஸ்சார்ஜ்!"

இன்று அந்தக் காய் புளிக்குழம்பில் கொதிக்கிறது, புது வடகம் தாளித்து. தெருமுனை வரை வாசனை. தட்டு நிறைய ஜெயித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொடியில் மிச்சமிருக்கும் இரண்டு காய்களுக்கும் பிஞ்சு பிடித்த தேதியை எழுத ஐஸ்கிரீம் குச்சியை எடுத்தேன். செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

கோயில் டியூப் லைட்டில் எழுதுவது போல, தேதிக்குக் கீழே எழுதியிருக்கிறேன்: 'உபயம் – செல்வி.'