மெட்ராஸ் அவளுக்குத்தான் கிடைத்தது

மெட்ராஸில் படித்தவள் என்று கள்ளக்குறிச்சியில் இன்றைக்கும் எனக்கு ஒரு மரியாதை உண்டு. இருக்கட்டும். மூன்று வருஷம் அந்த ஊரில் இருந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, ஹாஸ்டல் சோற்றில் வீட்டு ஊறுகாயைப் பிசைந்து அழுதுகொண்டே தின்பது ஒன்றைத்தான். மெட்ராஸ் கிடைத்தது எனக்கல்ல, என் அறையில் இருந்த மலைக்காரப் பெண்ணுக்கு. அவளிடமிருந்து அதைப் பிடுங்கியது நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு தியாகதுருகத்தில். அப்பா மண்டி வைத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் சுமந்து இறங்குகிறவர்கள் எங்களிடம் போடுவார்கள். அவளுடைய அப்பாவும் அப்படி வருகிறவர்தான். மூட்டையைத் தராசில் ஏற்றியதும் அந்த மனுஷன் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். எங்கள் மண்டிக்கு வரும் மலைக்காரர்கள் பலருக்கும் அதுதான் பழக்கம். முள்ளைப் பார்த்தால் மண்டிக்காரரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். அப்பா வாயால் சொல்லுகிற எடைதான் எடை. அந்த எடை எப்படிப்பட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம்.

பிளஸ் டூவில் அவள் என்னைவிட அதிக மார்க். இரண்டு பேருக்கும் மெட்ராஸில் ஒரே காலேஜில் இடம் கிடைத்தது. அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்க அவளுடைய அப்பா எங்கள் மண்டிக்குத்தான் வந்தார்.

"அனுப்பு" என்றார் அப்பா. "எம்பொண்ணு கூட ஒரே ரூமுல இருக்கட்டும். தொணைக்கு ஆச்சு, துணி தொவைக்கவும் ஆச்சு."

"சரிங்க. ஒங்க பொண்ணு பாத்துக்கட்டும். ஒங்க பொண்ணு ஒரு கொறை சொன்னாலும் அன்னைக்கே கூட்டிக்கினு வந்துடறேங்க."

பதினேழு வயதில் ஒருத்தியின் படிப்பு முழுவதையும் என் நாக்கில் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

முதல் மாதம் என் துணியையும் சேர்த்துத் துவைத்தாள். இரண்டாவது மாதம் என் பக்கெட்டைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "ஒந்துணிய நீயே தொவைச்சிக்கோடி. இங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்றாங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சுற்றிலும் பார்த்தால், ஆமாம், எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். கலெக்டர் மகள்கூடக் குந்தி உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் நானும் குந்தினேன்.

அந்த ஊர் படிக்கிற பிள்ளைகளுக்கு என்னென்ன வைத்திருக்கிறதோ, அத்தனையையும் அவள் மோப்பம் பிடித்துவிட்டாள். பஸ் பாஸை வைத்துக்கொண்டு போகாத இடமில்லை. நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள், மியூசியம், கடற்கரை. யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம் என்று சாயங்காலங்களில் கூட்டம் போடுவார்கள். டீ, பிஸ்கட் சும்மா. பிஸ்கட்டுக்காகப் போனவள், வியாழனுக்கு எத்தனை நிலா தெரியுமா என்று என்னை உலுக்கிக்கொண்டு வந்து நிற்பாள். எல்லாவற்றுக்கும் மேல் எழும்பூர்ப் பக்கம் இருந்த பெரிய லைப்ரரி. காலேஜ் விட்டால் நேராக அங்கேதான், ஹாஸ்டல் கேட் மூடுகிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். என்னையும் இரண்டு தடவை இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க பாத்தியா? இன்னா ஊரு, யாரு பொண்ணுன்னு ஒருத்தனாவது கேட்டானா?" என்று என் காதில் கிசுகிசுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தியாகதுருகத்தில் நான் மண்டிக்காரர் பெண். கடைத்தெருவில் நடந்தால் வழி விடுவார்கள். இங்கே நான் யாருமில்லை. அவளுக்கு இனித்தது எனக்கு எட்டிக்காயாகக் கசந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் தட்டு பத்தாது. நானும் அவளும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். முட்டையைப் பாதியாக்கிப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவாள். அவளை எனக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாம் வருஷம்தான் எங்கள் பக்கத்தில் மரம் வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். மெட்ராஸிலும் ஏதாவது கலாட்டா ஆகிவிடப் போகிறது என்று பயந்து வார்டன் எங்களை ஊருக்குக் கிளப்பிவிட்டாள். பஸ் உளுந்தூர்பேட்டையோடு நின்றது. அதற்கு மேல் ரோடு முழுக்கப் புளியமரம். வயல்வழியே போன ஒரு டிராக்டரில் எலவனாசூர்கோட்டை வரை வந்து, அங்கிருந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். வழியில் மறித்தவர்கள் என் அப்பா பேரைக் கேட்டதும், "நம்ம வூட்டுப் பொண்ணுப்பா, வுடு" என்று விட்டார்கள். அவளை யாரென்று கேட்டார்கள். "எங்கூட வர்றவ" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மரம் வெட்டப் போயிருந்த அண்ணனும் அப்போதுதான் வந்து கை கழுவினான். "நமக்கும் எடம் குடுக்கணும், இல்லாங்காட்டி ஒரு வண்டி போவாது" என்று அம்மாவிடம் முழங்கிக்கொண்டிருந்தான். அம்மா எனக்குக் கூடத்தில் தட்டு வைத்தாள். அவளுக்குக் கொல்லைப்பக்கம் மாட்டுக் கொட்டகை ஓரமாக ஒரு தையல் இலை. இடம் கேட்ட அண்ணனுக்கு அது கண்ணில் படவே இல்லை. எனக்குப் பட்டது. நான் குனிந்து பிசைய ஆரம்பித்தேன்.

அவள் போய் உட்காரவில்லை. பாவி, சிரித்துக்கொண்டே வந்து என் எதிரில் சம்மணம் போட்டாள். "எதுக்கும்மா தனியா இலை? மெட்ராஸ்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுலதான சாப்புடுறோம்" என்று என் தட்டில் கையை வைத்தாள்.

மெட்ராஸ் கொடுத்தது தியாகதுருகத்திலும் செல்லும் என்று நம்பிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

அம்மா விடுவிடுவென்று வந்தாள். தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மாட்டுத்தொட்டியில் கொட்டினாள். அவளைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு, என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கன்னத்தில் அறைந்தாள். "மானத்த வாங்கிட்டியேடி! அவ எச்சிலைத் தின்னுக்கினுதான் அங்க படிக்கிறியா?" அண்ணன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபம் அம்மா மேல் வந்திருக்க வேண்டும், அண்ணன் மேல் வந்திருக்க வேண்டும். எனக்கு அவள் மேல் வந்தது.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். மெட்ராஸ் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் இல்லாததால் மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார். கணுக்கால் வரை புழுதி. அவளைக் கூட்டிப்போய் நாலு நாள் வைத்திருந்து, ரோடு திறந்ததும் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. அவள் பெட்டியோடு கொட்டகைப் பக்கம் நின்றாள். வந்தவர் வாசலில் நின்றபடியே, எப்போதும் போலக் கேட்டார்.

"இன்னா பாப்பா, எம்பொண்ணு அங்க ஒழுங்கா இருக்குதா?"

காலேஜ் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் கேட்கிற கேள்வி. "நல்லா படிக்கிறா" என்பேன், போய்விடுவார். அன்றைக்கு அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். கன்னம் இன்னும் எரிந்தது.

"சாயங்காலம் ஆனா ரூமுல இருக்க மாட்டா. எங்க போறான்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

என் அப்பா வயது மனுஷன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார், அப்பா எடை சொன்னதும் ஆட்டுவாரே, அதே மாதிரி.

அவள் ஓடி வந்தாள். "ஏய், ஒனக்கா தெரியாது? லைப்ரரிக்குத்தான? நீயும் வந்தியே! சொல்லுடி!"

"இன்னாது, 'டி'யா?" அம்மா பாய்ந்தாள். "யாரப் பாத்து 'டி' போட்டுக்கினு இருக்கற?"

"நைனா, என்னப் பாரு நைனா" என்றாள் அவள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மண்டியில் நிற்பது போல மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். பார்த்தால் என்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமல்லவா? பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அவள் அழுதுகொண்டே பின்னால் போனாள். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டேன். நாலு திட்டு விழும், அப்புறம் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்குத் தெரியும்.

ரோடு திறந்தது. நான் மட்டும் மெட்ராஸ் போனேன். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டது என்று அப்பா எழுதினார். லைப்ரரிப் பக்கம் நான் அப்புறம் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் எனக்கு முழுத்தட்டு கிடைத்தது.

பத்து வருஷம் போயிருக்கும். நான் கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டுவிட்டேன். அப்பா படுத்த படுக்கையாகி, அண்ணனும் வெளியூர் போயிருந்ததால் ஒரு வாரம் நான் மண்டியில் உட்கார்ந்தேன். புளி சீசன். மூட்டையோடு மலையிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அதில் அவள் இருந்தாள். கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். என்னைப் பார்த்தாள், தெரிந்துகொண்டாள். நான் எழுந்து நின்றேன். ஏய் என்று கூப்பிடுவாள், காறித் துப்புவாள், எதையாவது செய்வாள் என்று காத்திருந்தேன். செய்தால் தேவலை என்று இருந்தது.

அவளுடைய மூட்டையைத் தராசில் ஏற்றினார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பி நின்றார்கள். அவள் திரும்பவில்லை. தராசுக்கு நேராக வந்து நின்று முள்ளையே பார்த்தாள்.

"முள்ளு நடுவுல நிக்கலீங்க. எறக்கிட்டு மறுபடியும் போடச் சொல்லுங்கம்மா" என்றாள்.

அம்மா என்றாள் என்னை. ஆள் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றினான். என்னால் அங்கே பார்க்க முடியவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"இப்ப சரிங்கம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.