மண்டபத்தில் நான் சொன்ன மறுப்பு

என்னைப் பெண் பார்க்க வந்தவன் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி. கொழுந்து லாரியோடு எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்தபோது தூரத்தில் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் வந்தானாம். அம்மா வைத்த பலகாரத்தில் இரண்டு தட்டைக் காலி செய்தான். அப்புறம் நான் காபி நீட்டிய கையைப் பார்த்தான். நான் கொழுந்து பரப்புகிறவள். கொழுந்துச் சாறு பட்டு விரல் நுனியெல்லாம் கருத்திருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

"கையெல்லாம் கறை. இவள எப்படிம்மா டவுனுக்குக் கூட்டிட்டுப் போறது?"

முணுமுணுக்கவில்லை, எல்லார் காதிலும் விழும்படி தன் அம்மாவிடம் சொன்னான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்தக் கடுப்பில்தான் கைப்பேசியில் ஒரு விளையாட்டுக்குள் போனேன். வாளும் மந்திரமுமாக ஓர் உலகம். அங்கே நான் வெள்ளிக் கவசம் போட்ட வில்லாளி. ஆடுகிறவர்களே ஒருவரையொருவர் காதலிக்கலாம், பூ அனுப்பலாம், மண்டபம் பிடித்துக் கல்யாணமும் பண்ணிக்கொள்ளலாம். எங்கள் குழுவில் ஒரு வாள்வீரன் எனக்குத் தினமும் பூ அனுப்பினான். கோலாலம்பூரில் பேங்க் மேனேஜர் என்றான். நான் அடிபட்டு விழுந்தால் முதலில் ஓடிவருவான். பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் முதல்முறையாக மைக்கைத் திறந்து பேசினான்.

"நான் கெளம்பறேன்லா. நாளைக்குக் காலையில பெரட்டு இருக்கு."

பெரட்டு! தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில் எந்த பேங்க் மேனேஜருக்கடா வேலை? குரலும் என்னைப் பெண் பார்க்க வந்த கிராணியின் அதே குரல். நான் எப்போதும் எழுதியே பேசுகிறவள் என்பதால் அவனுக்கு என்னைத் தெரியவில்லை.

அப்போதே விலகியிருக்கலாம். ஏன் விலக வேண்டும்? அவன் சொன்ன மாதிரியே நானும் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சினேன். அவனே கல்யாணம் கேட்டான்.

மண்டபத்தில் குழு மொத்தமும் கூடியிருந்தது. வாள்வீரன் மோதிரத்தோடு மண்டியிட்டான். திரையில் இரண்டு பொத்தான்கள்: சம்மதம், மறுப்பு. மறுப்பை அழுத்திவிட்டு மைக்கைத் திறந்தேன்.

"கையெல்லாம் கறை, கிராணி சார். என்னை எப்படி டவுனுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். வாள்வீரன் மண்டியிட்ட இடத்திலிருந்தே காணாமல் போனான்.

மறுநாள் லாரியோடு வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் எடைச் சீட்டை நீட்டினான். வந்த கொழுந்தை இறக்கியதும் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அப்புறம் ஒரு கொழுந்தைக் கிள்ளி நன்றாக நசுக்கி, கையெழுத்துக்குப் பக்கத்தில் கறை படிந்த கட்டைவிரலையும் அழுத்தி வைத்துச் சீட்டை அவன் கையிலேயே கொடுத்தேன்.