நுண்தசை என் பங்கு

என் கணவர் உடற்கல்வி ஆசிரியர். மூன்று வருடங்களுக்கு முன் அஞ்சல் வழியில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். மனித உடலின் இயக்கத் திறன்களை வகைப்படுத்துவது அதில் ஒரு பாடம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சும்மா கையைக் காலை ஆட்ட முடியவில்லை.

"தூக்குறது, இழுக்குறது எல்லாம் பெருந்தசைத் திறன். விரல் வேலை நுண்தசைத் திறன்" என்றார். வீட்டையும் அப்படியே பிரித்தார். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, மகளுக்குத் தலை பின்னுவது, அவர் சட்டைக்குப் பட்டன் தைப்பது எல்லாம் நுண்தசை, என் பங்கு. காஸ் சிலிண்டர் தூக்குவது அவர் பங்கு. அதையும் கொண்டுவருகிறவரே அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார்.

"தண்ணி கேனை மாடிக்குத் தூக்குறதும் பெருந்தசைதானேங்க?"

"அது அவ்ளோ ஜாஸ்தி வெயிட் இல்ல. உனக்கும் எக்சர்சைஸ் வேணாமா?"

ஒரு பௌர்ணமி மாலை இருவரும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை தாண்டியும் பாடம் நிற்கவில்லை. ஆளில்லாத ரோட்டில் நடப்பது மூடிய திறனாம். கூட்டத்தில் நடப்பது திறந்த திறனாம். "சுத்தி நடக்கறதைப் பாத்து நம்ம அசைவை மாத்திக்கிட்டே இருக்கணும். அதுதான் கஷ்டம்" என்று என் பக்கம் திரும்பி, பின்னோக்கி நடந்தபடியே விளக்கினார். பின்னால் கிடந்த இளநீர் மட்டையை அவர் பார்க்கவில்லை. விழுந்த வேகத்தில் வலது கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், வலியோடு வலியாக, "கையை ஊனுனது நானா செஞ்சது இல்ல. அது அனிச்சைச் செயல்" என்றார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

மாவுக்கட்டு போட்டபின் இரண்டு பங்கும் எனக்கே வந்தன. அவருக்குச் சட்டை மாட்டினேன், சோறு பிசைந்து கொடுத்தேன். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தவர், கட்டுப் போட்ட கையிலேயே ஸ்பூனைப் பிடித்து இரண்டு வாய் சாம்பாரை மடியில் ஊற்றிக்கொண்டார். அப்போது மட்டும் எந்த வகை என்று சொல்லவில்லை.

கட்டு பிரித்ததும், விரல்கள் விறைத்திருக்கின்றன, சின்னச் சின்னப் பொருளை எடுத்துப் பழக வேண்டும் என்றார் பிசியோதெரபி பெண். கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன் நிலத்தில் அப்போதுதான் வேர்க்கடலை பிடுங்கியிருந்தார்கள். அரை மூட்டை வரவழைத்தேன்.

"இவ்ளோவும் நானா உரிக்கணும்?"

"அந்த பிசியோதெரபி பொண்ணு சொன்னதுதாங்க."

முதல் நாள் ஒரு கடலையை அழுத்தவே அவருக்கு வியர்த்துவிட்டது. வேடிக்கை பார்க்கத்தான் எதிரில் உட்கார்ந்தேன், சிரிப்பு வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது. நானும் கொஞ்சம் உரித்தேன். ஒரு மாதத்தில் அவர் என்னைவிட வேகமாக உரித்தார். உரித்ததில் பாதியைத் தின்றதும் அவரே.

தேர்விலும் முதல் வகுப்பில் தேறினார். கை முழுக்கச் சரியான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு அவரைக்காய் ஆயச் சொன்னேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு திறனை முழுசா கத்துக்கிட்டா அது மறக்கவே மறக்காது. அதனால தினமும் செஞ்சு பாக்கணும்னு அவசியம் இல்ல" என்று பேப்பரைப் பிரித்தார்.

பேப்பரை வாங்கி அதன்மேலேயே காயைக் கொட்டினேன்.